அஞ்சு பாயின்ட் மனைவி

போன வாரம், சிட்னி ஏர்போர்ட்டில் என் கைப்பையிலிருந்த கறிவேப்பிலை குப்பைத் தொட்டிக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதற்குச் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதியவர்களுக்கு நன்றி. இந்த வாரம் வாடகை வீடு பிடித்த கதை என்று சொல்லியிருந்தேன். அது நடுவில் வரும். அதற்கு முன்னால் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

"கணவருக்கு ஆஸ்திரேலியா பி.ஆர். வந்துவிட்டது. விசாவில் நானும் ஐந்து வயது மகனும் இருக்கிறோம். 'நான் முதல்ல போய் வேலை தேடிக்கறேன், நீ அப்புறம் வா' என்கிறார் அவர். 'குடும்பமாப் போனாத்தான் ஒரு வாய்ச் சோறாவது ஒழுங்காக் கிடைக்கும்' என்கிறார் மாமியார். நான் ஒரு தனியார் வங்கியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வேலையைப் பற்றி இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வந்து நான் என்ன செய்வேன்?"

கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, சமையலறையில் குக்கர் நாலு விசில் அடித்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சர். என் கணவர் ஒரு பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினீயர். 2023 ஜனவரியில் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். விசா வந்தது அவருடைய படிப்பை வைத்து, அவருடைய அனுபவத்தை வைத்து. நான் அதில் கூட வந்தவள்.

கூட வந்தவளுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஆகாமல் இருந்தால் பத்து

இந்த விசாவுக்கு ஒரு மதிப்பெண் முறை இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். குறைந்தது 65 எடுக்க வேண்டும். ஆனால் போட்டியில் 65 போதவே போதாது. என் கணவருக்கு அப்போது வயது 34. அதற்கு 25. டிகிரிக்கு 15. எட்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவம் (அவர்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு) என்பதால் 15. பி.டி.இ. ஆங்கிலத் தேர்வில் எல்லாப் பிரிவிலும் 79-க்கு மேல் வாங்கியதால் 20. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பரிந்துரை செய்ததால் 5. இதுதான் 190 என்கிற விசா. ஆக 80.

மனைவிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. திறமை மதிப்பீடு பெற்ற துணை என்றால் 10. மதிப்பீடு இல்லை, ஓரளவு ஆங்கிலம் மட்டும் தெரியும் என்றால் 5. இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம். கல்யாணமே செய்துகொள்ளாதவருக்கு 10!

"பேசாம தனியா அப்ளை பண்ணியிருக்கலாம் போல" என்று அவர் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்தேன்.

நானும் பத்து வாங்கியிருக்கலாம். பள்ளி ஆசிரியர் வேலையும் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் 7, பேசுவதற்கும் கேட்பதற்கும் 8 வேண்டும். பி.எட். படித்தபோது குறைந்தது 45 நாள் பள்ளியில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், அதற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும். நான் ஒரு முறை தேர்வு எழுதி எல்லாவற்றிலும் 7 வாங்கினேன். "5 பாயின்ட்டே போதும், வீணா எதுக்கு இன்னொரு தடவை பணம் கட்டணும்" என்று விட்டுவிட்டோம். 'விட்டுவிட்டோம்' என்றால், சொன்னது அவர், சரி என்றது நான்.

மொத்தம் 85. அதில் என்னுடையது 5.

பிஸ்கட் அடுக்கும் இன்ஜினீயர்

வென்ட்வொர்த்வில் பக்கத்தில், ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டின் பின்புறம் இருந்த கிரானி ஃப்ளாட்டில் குடியேறினோம். பெரிய வீட்டின் கொல்லையில் சின்னதாகக் கட்டி வாடகைக்கு விடும் வீட்டுக்கு இங்கே அந்தப் பெயர். ஒரு ரூம், ஒரு ஹால், வாரம் 350 டாலர். இங்கே வாடகை வாரக் கணக்கு. முதல் தடவை கேட்டபோது மாத வாடகை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டதை இப்போது சொன்னாலும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

கோவையில் இருந்த காரையும் கொஞ்சம் நகையையும் விற்று எடுத்து வந்த பணம் ஏறக்குறைய பதினாறு லட்சம். ஒரு டாலர் அப்போது ஐம்பத்தைந்து ரூபாய். ஆறு மாதம் தாங்கும், அதற்குள் வேலை கிடைத்துவிடும் என்று கணக்கு. டேக்ஸ் நம்பர், பேங்க் அக்கவுன்ட், மெடிகேர் கார்டு எல்லாம் முதல் மாதத்திலேயே முடிந்தன. அதிலெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லை. (மெடிகேர் பற்றி ஒன்றே ஒன்று: இந்த மாநிலத்தில் ஆம்புலன்ஸ் செலவு அதில் சேராது. தனியாக ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.)

வேலைதான் வரவில்லை.

இங்கே ரெஸ்யூமில் போட்டோ கூடாது, பிறந்த தேதி கூடாது, அப்பா பெயர் கூடாது. கடைசியில் இரண்டு பேருடைய பெயரும் போன் நம்பரும் வேண்டும். அவர்களைக் கூப்பிட்டு, இவர் எப்படிப்பட்டவர் என்று நிஜமாகவே விசாரிப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில் இவர் கூட வேலை செய்தவர்களாக இருந்தால் நல்லது. இங்கே வேலையே செய்யாதவருக்கு அது எங்கிருந்து வரும்? 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற வார்த்தையை அந்த நாலு மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட அளவுக்கு 'சாப்பிட்டாச்சா' என்ற வார்த்தையைக் கூடக் கேட்டிருக்க மாட்டோம். நூறு விண்ணப்பம் வரை எண்ணினார். பிறகு எண்ணவில்லை.

பி.ஆர். இருந்தால் அரசாங்கம் உதவித்தொகை தரும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேலையில்லாதவர்களுக்குத் தரும் ஜாப்சீக்கர் தொகை, புதிதாக வந்தவர்களுக்கு முதல் நான்கு வருடம் கிடையாது. தயவுசெய்து அதை நம்பி யாரும் கணக்குப் போடாதீர்கள்.

இந்த லட்சணத்தில் டிரைவிங் டெஸ்ட்டில் வேறு ஃபெயில். பி.ஆர். ஆனவர் மூன்று மாதத்துக்குள் இங்கத்து லைசென்ஸ் எடுக்க வேண்டும். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் முடிக்க வேண்டும். அவிநாசி ரோட்டில் பதினைந்து வருடம் ஓட்டியவர், லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "நான் கண்ணாடியில பாத்தேன்" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் வாதாடினார். இன்ஜினீயராக ஒன்றும் நடக்காத நேரத்தில் டிரைவராகவும் தோற்றுப்போனது அவரைப் பாடாய்ப்படுத்தியது.

மே மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நைட் ஃபில் வேலைக்குச் சேர்ந்தார். கடை மூடிய பிறகு சரக்கு வண்டியிலிருந்து இறக்கி, அலமாரிகளில் அடுக்குவது. பிஸ்கட், பாஸ்தா, நாய் பிஸ்கட். பழையதை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. முதல் வாரம் முழங்கை வரை அட்டைப்பெட்டிக் கீறல்.

அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. இங்கே யாரும் அப்படி நினைப்பதும் இல்லை. ஆனால் கோவையில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு ஷேவ் செய்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு உட்காருவார். "ஆபீஸ் எப்படிப்பா இருக்குது?" "பரவால்லம்மா." நான் பக்கத்தில் தலையாட்டுவேன். பொய்யை அவர் ஒருவர் சொல்ல, அதை நாங்கள் மூன்று பேரும் சுமந்தோம். ஏழு வயது மகளிடமும் சொல்லி வைத்திருந்தோம்.

ஜூலை லீவில் ஒரு நாள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போவதற்குள், "அப்பா தூங்கறாரு பாட்டி. நைட் முழுக்க பிஸ்கட் அடுக்குனாரு" என்று சொல்லிவிட்டாள்.

அத்தை ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏஞ் சாமி, நைட்டு ஷிப்ட்டா? உங்க மாமனார் முப்பது வருசம் மில்லுல அரை நைட்டு, முழு நைட்டுன்னுதான போனாரு. பகல்ல தூங்கறதுக்கு சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கறீங்களா இல்லியா?"

கட்டவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே கட்டினோம்.

மறுநாள் அத்தை தனியாக எனக்குக் கூப்பிட்டு அழுதார் என்பதையும் எழுதிவிடுகிறேன். "அம்மிணி, பழைய கம்பெனில மறுபடி எடுத்துக்குவாங்களான்னு நான் வேணா கேட்டுப் பாக்கட்டா?" என்றார். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் தெரியும்.

கடலை மிட்டாயும் கேன்டீனும்

அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வாசகியின் கேள்வியும் அதுதானே. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, தூங்குகிற மனிதரை எழுப்பாமல் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மகள் சேர்ந்த இரண்டாவது வாரம் பள்ளி ஆபீஸிலிருந்து போன். ஸ்நாக்ஸ் டப்பாவில் கடலை மிட்டாய் வைத்துவிட்டேன். வகுப்பில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று இருக்கிறதாம், கடலை கொடுத்து அனுப்பாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னார்கள். எனக்குத்தான் வெட்கம். ஒன்பது வருடம் நானே டீச்சராக இருந்து பெற்றோர்களுக்குச் சர்க்குலர் அனுப்பியவள். இங்கே எனக்கே சர்க்குலர்.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கேன்டீனுக்கு வாலன்டியர் தேவை. வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன். "சும்மா வீட்டில இருந்து யோசிக்காமல் போய் நில்லும் பிள்ளை. நாங்களும் வந்த காலத்தில அப்பிடித்தான்" என்றார். அவர் வந்தது போர்க்காலத்தில். எங்கள் கஷ்டத்தை அவர் எதிரில் பெரிதாகப் பேச எனக்கு எப்போதும் கூச்சம்.

தயக்கத்தில் இரண்டு மாதம் ஓடி, ஏப்ரல் கடைசியில்தான் போனேன். சம்பளம் கிடையாது. பிரவுன் பேப்பர் பையில் பெயரும் வகுப்பும் எழுதி வரும் லன்ச் ஆர்டர்களைப் பிரித்து வைப்பது, ஆப்பிளை மெஷினில் வைத்துச் சுருள் சுருளாகச் சுற்றிக் கொடுப்பது. வாரம் ஒரு நாள். ஆனால் ஒரு டெர்ம் முடிவதற்குள் பாதிக் குழந்தைகளின் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. கூட நிற்கும் அம்மாக்கள் பேசும் ஆங்கிலமும் காதில் ஏறத் தொடங்கியது. முதலில் பாதிதான் புரிந்தது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆடியோவில் யாரும் அந்த வேகத்தில் பேசுவதில்லை.

ஜூலைக் கடைசியில், நாமக்கல்லிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தையும் வராது. ஆபீஸில் இருந்தவர் கேன்டீனுக்கு ஓடி வந்து, உனக்குத் தமிழ் தெரியுமல்லவா என்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா எப்ப வருவாங்க?" என்றான். "மூணு மணிக்கு" என்றேன். "மூணுன்னா சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?" அவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அழுகை நின்றது.

அதற்கு அடுத்த வாரம், லேர்னிங் சப்போர்ட் ஆபீசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாயா என்று கேட்டார்கள். வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக, பின்தங்கும் குழந்தைகள் பக்கத்தில் உட்காருகிற வேலை. குழந்தைகளோடு சம்பளத்துக்கு வேலை செய்ய இங்கே ஒரு பின்புலச் சரிபார்ப்பு எண் வாங்க வேண்டும்; ஆன்லைனில் விண்ணப்பித்து, அடையாள அட்டைகளை நேரில் காட்டி வாங்கினேன். ரெஸ்யூமில் கேட்கும் இரண்டு உள்ளூர் ஆட்கள்? கேன்டீன் பொறுப்பாளர் ஒருவர், பள்ளி ஆபீஸ்காரர் ஒருவர். என் கணவர் நூறு விண்ணப்பத்தில் தேடியது, ஆப்பிள் சுற்றிய இடத்தில் எனக்குக் கிடைத்திருந்தது.

ஆகஸ்ட்டில் சேர்ந்தேன், டிசம்பர் வரை கான்ட்ராக்ட். பத்தாம் வகுப்புக்கு டிரிக்னாமெட்ரி நடத்தியவள், பிளாஸ்டிக் கட்டைகளைப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கரும்பலகைப் பக்கம் போகும்போதெல்லாம் கை குறுகுறுக்கும். ஆனால் முதல் சம்பளம் அக்கவுன்ட்டில் விழுந்த அன்று, அந்த மெசேஜை நாலு தடவை திறந்து பார்த்தேன்.

என் பெயர் முதலில்

அக்டோபரில் அக்காவின் மகள் குடும்பம் வருவதாக இருந்தது. வீடு தேடினோம். சனிக்கிழமை கால் மணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள். முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பார்த்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டும். பே-ஸ்லிப் வேண்டும், முந்தைய வாடகை வீட்டு விவரம் வேண்டும். ஏழு வீட்டுக்குப் போட்டு ஏழும் கிடைக்கவில்லை. எட்டாவது, டூங்காபியில் இரண்டு பெட்ரூம் யூனிட், வாரம் 480 டாலர். நாலு வாரம் பாண்டு, இரண்டு வாரம் முன்பணம், ஆக 2,880 டாலர். நம் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இந்த வீட்டுக்கு ஏஜென்ட் பெண்மணி போன் செய்தது எனக்கு. அவருடைய பே-ஸ்லிப் கேஷுவல், வாரத்துக்கு எத்தனை மணி என்று நிலையில்லை. என்னுடையது கான்ட்ராக்ட். அதனால் என் பெயரை முதலில் போட்டு அக்ரிமென்ட் வந்தது.

அன்று ராத்திரி எங்களுக்குள் சண்டை. எதற்கு ஆரம்பித்தது என்றால் சாம்பாரில் உப்புக்கு. எங்கெங்கேயோ சுற்றி, நான் "அந்த வீடு கிடைச்சதே என் சம்பளத்துல" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"எண்பத்தஞ்சு பாயின்ட்ல உன்னுது அஞ்சு. ஞாபகம் வச்சுக்க."

மூன்று நாள் பேசவில்லை. ஒரே ரூமில் மூன்று நாள் பேசாமல் இருப்பது எப்படி என்று வெளிநாட்டில் குடித்தனம் செய்கிறவர்களைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போக அம்மா வீடு கிடையாது. டவுன்ஹாலுக்கு ஒரு பஸ் கூடக் கிடையாது. நான் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நாலாவது நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் படுக்கப் போகவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து என் சர்டிஃபிகேட் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பெல்லாம் இல்லை. "உன் பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் லெட்டர் எங்க?" என்றார்.

இல்லை. வாங்கவே இல்லை.

அவருடைய ஃபைல் எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொரு கம்பெனி லெட்டரும் பிளாஸ்டிக் கவரில், மூன்று மூன்று நகல். இன்ஜினீயர் மதிப்பீட்டுக்கு எழுதிய ப்ராஜெக்ட் கட்டுரைகளை ஸ்பைரல் போட்டு வைத்திருந்தார். என்னுடையது டிகிரி, பி.எட்., ஒரு ரிலீவிங் ஆர்டர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோவையில் பீரோவில், சிலது பீரோவிலும் இல்லை.

இங்கே பள்ளியில் ஆசிரியராக வேலை செய்ய மாநில அமைப்பிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதற்கு நான் படித்த பாடங்களின் விவரம், பயிற்சி எடுத்த விவரம், வேலை பார்த்த பள்ளியின் கடிதம், கூடவே அந்த 7-ம் 8-ம். என் அப்பாவுக்குப் போன் செய்தேன். அறுபத்தெட்டு வயது மனிதர் டி.வி.எஸ்.ஸில் நான் படித்த கல்லூரிக்குப் போனார். கிளார்க் லீவு. இரண்டாவது தடவை, பழைய ரெக்கார்டு எல்லாம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவை கடிதம் கிடைத்தது. ஆனால் 'பயிற்சி முடித்தார்' என்று இருந்ததே தவிர, எத்தனை நாள், எந்தப் பள்ளி என்று இல்லை. "போய்ட்டு வர்றேன் கண்ணு, வெயில் ஒண்ணும் இல்ல" என்று நாலாவது தடவை போனார். அது ஏப்ரல் மாதம். கோவை வெயில் எனக்குத் தெரியாதா?

இரண்டு பள்ளிகளின் பெயரும் நாட்களும் எழுதி, சீல் வைத்துக் கடிதம் என் கைக்கு வருவதற்குள் எட்டு மாதம் ஓடிப்போனது. ஊரில் இருந்தபோது நானே ஒரு வாரம் லீவு போட்டு முடித்திருக்க வேண்டிய வேலை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்

சேர்ந்து வருவதா, அவர் முதலில் வருவதா? என்னைக் கேட்டால், எட்டு மாதத்துக்குக் கையில் பணம் இருந்தால் சேர்ந்தே வாருங்கள். ஆறு மாதம் போதாது, எங்கள் அனுபவம். அவ்வளவு இல்லையென்றால் அவர் முதலில் வரட்டும். ஆனால் 'வேலை கிடைத்த பிறகு' என்று வைக்காமல், ஒரு தேதியை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு என்றால் அது மூன்று மாதமும் ஆகலாம், பதினான்கு மாதமும் ஆகலாம். விசாவில் முதலில் நுழைய வேண்டிய கடைசித் தேதி எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் பையனுக்கும் அது என்ன என்று கடிதத்தில் பாருங்கள்.

பெண்களுக்கு எளிதாக வேலை கிடைக்கும் என்று என் கதையை வைத்து முடிவு கட்டாதீர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் தெரியும், பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். நம் ஊரில் வங்கியில் இருந்து வந்தவர்கள் இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார். இன்னொருவருக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அடுத்த வருடம் குழந்தைகளோடு திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறார். அவர் திரும்பினால் அது தோல்வி என்று நான் நினைக்க மாட்டேன்.

என் கணவருக்குப் பதினான்காவது மாதம், வெதரில் பார்க்கில் ஒரு பம்ப் சர்வீஸ் பட்டறையில் வேலை கிடைத்தது. இன்ஜினீயர் என்ற பதவி இல்லை. பழுதாகி வரும் பம்புகளைப் பிரித்துச் சோதித்து ரிப்போர்ட் எழுதும் வேலை. கிரீஸ் கறையோடு வருகிறார், பேச்சு மட்டும் பழையபடி ஆகிவிட்டது. முதல் வாரமே அவர் கைக்கு வந்த ஒரு பம்பில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்ததாம். அதைப் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினார். டிரைவிங் டெஸ்ட்டிலும் இரண்டாவது தடவை பாஸ். இப்போது வீட்டுக்குள் நடக்கும்போது கூடத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார்.

நான்? போன முறை எழுதியதில் படிப்பு 7.5, எழுத்து 7, பேச்சு 8. கேட்பதில் 7.5. அரை மார்க்கில் போய்விட்டது. எல்லாம் ஒரே தேர்வில் வர வேண்டும் என்பதால் மறுபடி முதலிலிருந்து. அடுத்த மாதம் பதினாறாம் தேதி பணம் கட்டியிருக்கிறேன். இந்த முறை 'வீண்' என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. மகள் ரேடியோ செய்தியை வைத்துவிட்டு, அதிலிருந்து என்னிடம் கேள்வி கேட்கிறாள். தப்பாகச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொள்கிற விதம் அப்படியே அத்தை.

திருப்பூர்த் தோழி, நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வங்கியில் ஒரு கடிதம் கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் மட்டும் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு சம்பளம் என்று லெட்டர்ஹெட்டில், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் போன் நம்பரும் பதவியும் சேர்த்து. நீங்களே டைப் செய்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் எழுதினால் மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். காலேஜுக்கும் ஒரு நடை போய், படித்த பாடங்களின் விவரத்தை வாங்கி வாருங்கள். மூன்று நகல்.

வங்கி மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் வருவதற்குள் போய்விடுங்கள்.